மின்சாரம் இல்லாத முட்டை அடைகாப்புப் பெட்டி: அறிகுறியைக் கொண்டு பிழை கண்டு நீக்கும் வழிமுறை

பெங்களூரில் அலசூர், ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஸ்ரீராமபுரம் போன்ற தமிழர் மிகுந்த பகுதிகளில் மொட்டை மாடியில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்காகவும், நகரின் விளிம்பில் கொஞ்சம் இடம் வைத்திருப்பவர்களுக்காகவும் இக்குறிப்பு எழுதப்படுகிறது. அடைக்கு உட்காரும் கோழி கைவசம் இல்லாதபோது, இடையில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்ற கவலையே வேண்டாம் என்று பலர் வெந்நீரால் இயங்கும் பெட்டியைத் தாமே செய்துகொள்கிறார்கள். பெட்டிக்குள் பெட்டி வைத்து, இரண்டுக்கும் நடுவே 8 செ.மீ. அளவுக்கு உமியை இறுகத் திணித்து, உள்ளே மேற்பகுதியில் 10 லிட்டர் நீர் கொள்ளும் தகரத் தொட்டியையும் அதன் கீழே முட்டைத் தட்டையும் வைத்து, அடியிலும் மேலுமாகச் சில காற்றுத் துளைகள் விட்ட அமைப்பையே இங்கு அடிப்படையாகக் கொள்கிறேன். தொட்டி மேலே இருப்பதற்குக் காரணம் உண்டு: கோழியின் வயிறும் மேலிருந்துதான் முட்டைக்குச் சூடு தருகிறது.

இந்தப் பெட்டி அடுப்பு அன்று. வெப்பத்தைச் சேமித்து வைத்து மெதுவாக வெளிவிடும் கிடங்கு. பிழைகளில் பெரும்பாலானவை இதை மறந்து, வெப்பமானியின் ஒவ்வொரு அசைவுக்கும் எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பதால் வருகின்றன. மற்றொன்று, குஞ்சு பொரிக்க வேண்டிய 21ஆம் நாளில் கண்ணுக்குத் தெரியும் கேடு பெரும்பாலும் அதற்கு வெகு முன்னரே நேர்ந்திருக்கும். ஆகையால் ஒவ்வோர் அறிகுறியின் கீழும், அது எந்த நாளில் விதைக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில்: அளவிகள் சரிதானா?

எந்த அறிகுறியைக் கண்டாலும் முட்டையைக் குறை சொல்லும் முன் வெப்பமானியைச் சோதிக்க வேண்டும். ஒரு குவளையில் கை பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸ் இருக்கும்படி நீரை எடுத்து, அதில் பெட்டியின் வெப்பமானியையும் வீட்டிலுள்ள காய்ச்சல் வெப்பமானியையும் ஒன்றாக அமிழ்த்திப் பாருங்கள். பெட்டியின் வெப்பமானி நீரில் நனையக் கூடாத மின்னணு வகையாக இருந்தால், அதன் உணர்முனையை மெல்லிய பாலித்தீன் உறையில் இட்டு அமிழ்த்தலாம். வேறுபாடு அரை டிகிரி இருந்தாலே அதைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிட வேண்டும். மனத்தில் வைத்துக்கொள்வது போதாது. சிக்பேட்டை அருகே எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கும் சிறிய மின்கல அளவிகள் விலை மலிவானவை. ஆனால் அவற்றின் ஈரப்பத எண்ணைச் சோதிக்காமல் நம்பக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைச் சில சொட்டு நீரில் குழைத்து, அதையும் அளவியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் ஏழெட்டு மணி நேரம் வைத்தால், அளவி 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் எப்போதும் 7 கூட்டிப் படித்துக்கொள்ளலாம்.

வெப்பமானியை எங்கே வைப்பது என்பதும் அதே அளவு முக்கியம். விசிறி இல்லாத பெட்டியில் காற்று அடுக்கடுக்காக நிற்கும். முட்டையின் மேற்பரப்புக்கும் அடிப்பரப்புக்கும் இடையிலேயே வெப்பம் மாறுபடும். விசிறியுள்ள மின் இன்குபேட்டருக்குச் சொல்லப்படும் 37.5 டிகிரி என்ற எண்ணை இங்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 டிகிரி வரை இருக்க வேண்டும். அப்போதுதான் முட்டையின் நடுவில் தேவையான சூடு கிடைக்கும். வெப்பமானி தட்டின் தரையில் கிடந்து 38.5 காட்டுகிறது என்றால், மேலே கரு வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஏழாம் நாள் வெளிச்சத்தில் பார்த்தால் முட்டை தெளிவாக இருக்கிறது

இருட்டறையில் கைபேசியின் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பார்க்கும்போது, கரு கூடிய முட்டையில் சிலந்திக் கால்களைப் போல இரத்த நாளங்கள் விரிந்திருக்கும். ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் அப்படியே ஊடுருவினால் அது கூமுட்டை. ஒன்றிரண்டு கூமுட்டை இயல்பு. வைத்ததில் பாதிக்கு மேல் கூமுட்டை என்றால் பெட்டியைத் தொடவே வேண்டாம், ஏனெனில் பிழை முட்டை வந்த இடத்தில் இருக்கிறது. பண்ணையிலிருந்து வரும் முட்டை சேவலின்றி இடப்படுவது. அது எந்தப் பெட்டியிலும் பொரிக்காது. பழுப்பு ஓட்டைக் காட்டி நாட்டு முட்டை என்று கடையில் விற்கப்படுவதிலும் சேவல் சேர்ந்ததுதானா என்பதற்கு உறுதி இல்லை. சேவலும் பெட்டையும் சேர்ந்து மேய்வதை நேரில் கண்ட இடத்தில் வாங்குவதே நல்லது. ஒரு சேவலுக்குப் பத்துப் பெட்டை வரை இருக்கலாம்.

தெளிவான முட்டையைத் தூக்கி எறியாமல் ஒரு தட்டில் உடைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் கருவின் மேல் கடுகை விடச் சிறிய, ஒழுங்கற்ற வெண்புள்ளி மட்டும் இருந்தால் அது கரு கூடாதது. புள்ளிக்குப் பதிலாகப் பரந்த பால்நிறப் படலம் தெரிந்தால், கரு கூடி, முதல் ஓரிரு நாளிலேயே இறந்துவிட்டது. இரண்டாவது வகை என்றால் முட்டையைச் சேமித்த விதத்தை விசாரிக்க வேண்டும்.

கரு ஏறக்குறைய 20, 21 டிகிரிக்குக் கீழேதான் உறங்கும். பெங்களூரின் ஜனவரி அறையில் முட்டையை ஒரு வாரம் வெளியே வைத்தாலும் பெரிய கேடு இல்லை. ஏப்ரலில் பகல் வெப்பம் 34 டிகிரியைத் தொடும்போது அதே அறையில் வைத்த முட்டையில் கரு அரைகுறையாக விழித்து, இரவில் தளர்ந்து, மீண்டும் பகலில் விழித்து, பெட்டிக்கு வரும் முன்பே ஓய்ந்துவிடும். குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரிக் குளிரும் கருவுக்கு ஆகாது. கோடையில் ஈர மணல் நிரப்பிய தொட்டியில் ஒரு மண்பானையைப் புதைத்து, அதற்குள் முட்டையைக் கூரிய முனை கீழாக வைத்து, ஏழு நாளுக்குள் அடைக்கு வைத்துவிடுவது போதுமானது.

கிருஷ்ணகிரியிலிருந்தோ ஓசூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தோ பேருந்தில் கொண்டுவரும் முட்டையை வந்த கையோடு பெட்டிக்குள் வைப்பது பலர் செய்யும் பிழை. முட்டையின் அகன்ற முனைக்குள் இருக்கும் காற்றறை வழியில் குலுங்கியிருக்கும்; அது மீண்டும் தன் இடத்தில் நிலைப்பதற்கு, அகன்ற முனை மேலாக ஓரிரவு அசையாமல் வைத்திருக்க வேண்டும்.

இரத்த வளையம் தெரிகிறது

நாளங்கள் விரிந்திருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு வட்டம் மட்டும் இருந்தால், கரு இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் இறந்திருக்கிறது. வெந்நீர்ப் பெட்டியில் இதற்கு முதன்மையான காரணம், தொடக்க நாளில் ஆர்வத்தால் கொதிநீரை முழுத் தொட்டிக்கும் ஊற்றிவிடுவதுதான். முட்டை வைப்பதற்கு முன் குறைந்தது ஒரு முழுப் பகலும் ஓர் இரவும் வெறும் பெட்டியை ஓட்டி, அது எந்த நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். முட்டைகளின் இடத்தில் நீர் நிரப்பிய சிறு பாட்டில்களை அடுக்கிச் சோதித்தால், உண்மை நிலைக்கு நெருக்கமான எண் கிடைக்கும்.

கருவுக்குக் குளிரைவிடச் சூடு ஆபத்தானது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அடைக்கோழி இரை தேட எழுந்து போகும்போது முட்டை கால் மணி நேரம் ஆறுகிறது. அதனால் ஒன்றும் ஆவதில்லை. முட்டை மட்டத்தில் 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றுவிட்டால் அந்த ஈட்டை, அதாவது ஒரே தடவையில் அடைக்கு வைத்த முட்டைகளை, காப்பாற்றுவது கடினம். ஐயம் வரும்போது குறைவான பக்கமாகவே தவறலாம்.

இரவில் வெப்பம் இறங்கிவிடுகிறது, பகலில் ஏறிவிடுகிறது

கேள்விகளில் முக்கால்வாசி இதைப் பற்றியே வருகின்றன. எனவே கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம். பெட்டி இழக்கும் வெப்பம், உள்ளே இருக்கும் சூட்டுக்கும் அறையின் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. அறை 26 டிகிரியாக இருக்கும்போது வேறுபாடு 12. டிசம்பர் இரவில் அறை 16க்கு இறங்கினால் வேறுபாடு 22 ஆகிறது. அதாவது அதே பெட்டி இரவில் ஏறக்குறைய இரு மடங்கு வெப்பத்தை இழக்கிறது. சென்னையில் உறவினர் வீட்டில் ஒழுங்காக ஓடிய பெட்டி இங்கே தடுமாறுவதற்கு இதுவே காரணம். அங்கே இரவும் பகலும் பெரிதாக வேறுபடுவதில்லை. ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் சூரியன் சாய்ந்ததும் அறை வேறாகிவிடுகிறது. கல்நார் ஷீட் போட்ட மாடி அறையில் இது இன்னும் கடுமை.

10 லிட்டர் நீர் 60 டிகிரியிலிருந்து 45க்கு இறங்கும்போது ஏறக்குறைய 630 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. மேலே சொன்ன அளவில் நல்ல உமி அடைப்புள்ள பெட்டி, அறை மிதமாக இருக்கும்போது தோராயமாக 15 வாட் இழக்கும் என்று கொண்டால், கணக்குப்படி இது பதினொரு மணி நேரத்துக்குப் போதும். குளிர் இரவில் ஆறு மணி நேரம்தான். நடைமுறையில் மூடி திறப்பதும், காற்றுத் துளைகளும், உமியின் ஈரமும் சேர்ந்து இதில் கால் பங்கையாவது தின்றுவிடும். உங்கள் பெட்டி நான்கு மணி நேரத்துக்குள்ளேயே சரிந்தால் நீரில் குறையில்லை, பெட்டி ஒழுகுகிறது.

ஒழுகலைக் கண்டுபிடிக்க, இரவில் அறையின் கதவு சன்னலை மூடிவிட்டு, ஈரக் கையைப் பெட்டியின் மூலைகளிலும் மூடியின் விளிம்பிலும் மெதுவாக நகர்த்தினால் போதும். குளிர்ந்த இழை போலக் காற்று உறைக்கும் இடம் தெரிந்துவிடும். மூடியின் விளிம்பில் பழைய கம்பளித் துணியை மடித்து ஆணி அடித்தால் பாதிக் குறை தீரும். உமி நாளடைவில் கீழே படிந்து மேற்பகுதியில் வெற்றிடம் விடும் என்பதையும் மறக்க வேண்டாம். பக்கவாட்டுப் பலகையைத் தட்டிப் பார்த்தால், உமி உள்ள இடத்தில் ஒலி மந்தமாகவும் வெற்றிடத்தில் கணீரென்றும் கேட்கும். தெர்மோகோல் பயன்படுத்தியவர்கள் கொதிநீர்த் தகரம் அதைத் தொடாதபடி இடையில் பலகை வைக்க வேண்டும். கொதிநீரின் சூட்டில் தெர்மோகோல் இளகிச் சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத இடைவெளியை உண்டாக்கிவிடும். சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட் போன்ற இடங்களில் பனிக்கட்டியோடு மீன் வந்திறங்கும் தெர்மோகோல் பெட்டிகள் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவை, நாற்றம் போகக் கழுவி வெயிலில் உலர்த்தினால்.

பெட்டி ஒழுகவில்லை, ஆயினும் வெப்பம் ஏறி இறங்குகிறது என்றால் நீர் மாற்றும் முறையைப் பாருங்கள். ஆறிய நீர் முழுவதையும் வடித்துவிட்டு முழுத் தொட்டிக்கும் புதிதாக ஊற்றுபவர்களின் பெட்டியில் வெப்பம் ஏறியும் சரிந்தும் அலைபாயும். மாறாக, தொட்டி 48 டிகிரியில் இருக்கும்போது 2 லிட்டரை மட்டும் வடித்து, அதே அளவு கொதித்திறங்கிய நீரை, சொல்லப்போனால் 95 டிகிரி அளவில், ஊற்றினால் தொட்டி முழுவதும் 57 டிகிரிக்கு வரும். இதைக் காலை, நண்பகல், மாலை, படுக்கப் போகும் நேரம் என்று பகுத்துச் செய்தால் முட்டை மட்டத்தில் மாற்றம் ஒரு டிகிரிக்குள் அடங்கும். தொட்டிக்கும் முட்டைக்கும் நடுவே மடித்த சாக்கை விரிப்பது ஏற்ற இறக்கத்தை மேலும் மழுக்கும். சூடு மிகுந்தால் ஒரு மடிப்பைக் கூட்டவும், குறைந்தால் ஒன்றை எடுக்கவும் செய்யலாம். என் கருத்தில் இந்தச் சாக்குதான் பெட்டியின் உண்மையான கட்டுப்பாட்டுக் கருவி. நீரின் சூட்டை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மணி நேரம் கழித்தே பலனைப் பார்க்க வேண்டும்.

இந்நகரத்து மாடிகளில் பரவலாக இருக்கும் சோலார் வாட்டர் ஹீட்டர், மின்சாரமின்றி 60 டிகிரி நீர் தரும் நல்ல வசதி. ஆனால் அதன்மேல் முழுப் பாரத்தையும் போட்டவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்டு வரை மேகமூட்டம் சோதனையாக அமையும். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் இல்லாமல் போனால் குழாயில் வருவது வெதுவெதுப்பான நீர்தான். அந்த மாதங்களில் அடுப்பு நீரைக் கணக்கில் வைத்துக்கொண்டே ஈடு வைக்க வேண்டும். இரவு எழுந்திருக்க மனமில்லாதவர்கள், கொதிநீரைத் தெர்மாஸ் குடுவைகளில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் அடுப்பு பற்றவைக்கும் வேலை மிச்சம். பெட்டியின் மேல் இரவுக்கு மட்டும் போர்வை போர்த்துபவர்கள் காற்றுத் துளைகளை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்து நாள் ஒழுங்காக ஓடிய பெட்டி, பிறகு தானாகச் சூடேறுகிறது

இது பிழையே அன்று. கரு வளர வளர அதுவே சூட்டை உண்டாக்கத் தொடங்குகிறது. கடைசி வாரத்தில் பெட்டிக்கு வெளியிலிருந்து தேவைப்படும் வெப்பம் வெகுவாகக் குறைகிறது. வங்கதேசத்திலும் வியட்நாமிலும் உமி கொண்டு மின்சாரமின்றி வாத்து முட்டை பொரிப்பவர்கள் இந்த இயல்பைப் பயன்படுத்தி, முதிர்ந்த முட்டைகளின் சூட்டைக் கொண்டே புதிய முட்டைகளைக் காக்கிறார்கள். நம் சிறிய பெட்டியில் செய்ய வேண்டியது, ஊற்றும் வெந்நீரைக் குறைப்பதும் சாக்கின் மடிப்பைக் கூட்டுவதும் மட்டுமே. முதல் வாரத்தில் எழுதிய நேர அட்டவணையை மூன்றாம் வாரத்திலும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவோர் நன்றாக வளர்ந்த கருக்களை இழக்கிறார்கள். முட்டையைக் கண்ணிமையின் மேல் வைத்துச் சூட்டை அறிவது பழைய பொரிப்பாளர்களின் பழக்கம். வெப்பமானிக்கு அது மாற்று ஆகாது என்றாலும், தட்டின் நடு முட்டைக்கும் ஓர முட்டைக்கும் உள்ள வேறுபாட்டை அறிய அதைவிட விரைவான வழி இல்லை. ஓரத்து முட்டை ஆறியிருந்தால் நாளுக்கு ஒருமுறை நடுவோடு இடம் மாற்றி வைக்கலாம்.

விளக்கு வைத்த பெட்டியில் புகை, மணம், அணையும் சுடர்

சிலர் வெந்நீருக்குப் பதிலாக அரிக்கேன் விளக்கையோ எண்ணெய் விளக்கையோ பயன்படுத்துகிறார்கள். சுடர் ஒருபோதும் முட்டை இருக்கும் அறைக்குள் இருக்கக் கூடாது. அது கருவுக்குத் தேவையான உயிர்வளியைத் தின்று, கரியமில வாயுவையும் புகைக்கரியையும் விடும். திரி சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு, மூடிய அறையில் உறங்கும் மனிதருக்கும் ஆபத்து. விளக்கை வெளியே வைத்து, அதன் சூடு ஒரு தகரக் குழாய் வழியே நீர்த் தொட்டியின் அடியைத் தொட்டு வெளியேறும்படி அமைக்க வேண்டும். சுடர் மஞ்சளாக நீண்டு கரி படிந்தால் திரியைக் கத்தரித்துத் தாழ்த்த வேண்டும். உமியும் தெர்மோகோலும் தீப்பற்றும் பொருள்கள் என்பதால், ஒட்டிய சுவர்களில் வீடுகள் நெருங்கி நிற்கும் தெருக்களில் விளக்குப் பெட்டியை நான் பரிந்துரைப்பதில்லை.

காற்றறை மிகப் பெரிது, அல்லது மிகச் சிறிது

அகன்ற முனையிலுள்ள காற்றறை நாளுக்கு நாள் விரிய வேண்டும். முதல் 18 நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் வரை இழப்பது சரியான அளவு. சமையலறைத் தராசில் பத்து முட்டையை ஒன்றாக நிறுத்து 450 கிராம் இருந்தால், 18ஆம் நாளில் அவை 396 கிராம் அளவில் இருக்க வேண்டும். ஒன்பதாம் நாளில் இதில் பாதி, அதாவது 27 கிராம், குறைந்திருக்க வேண்டும். ஈரப்பத அளவி காட்டும் எண்ணைவிடத் தராசின் சொல்லையே நான் நம்புவேன்.

எடை அதிகமாகக் குறைந்திருந்தால் காற்று வறண்டிருக்கிறது. பெங்களூரின் மார்ச் மாதப் பிற்பகலில் இது நேர்வது இயல்பு. தட்டின் கீழே வைக்கும் நீர்க் கிண்ணத்தை ஆழமாக்குவதால் பயனில்லை, அகலமாக்க வேண்டும், ஏனெனில் ஆவியாவது நீரின் பரப்பிலிருந்துதான். எடை குறையவே இல்லை என்றால் மழைக்கால ஈரம் உள்ளே தேங்குகிறது. கிண்ணத்தை எடுத்துவிட்டு மேல் துளைகளைத் திறக்க வேண்டும். முதல் 18 நாளுக்கு 50 முதல் 55 சதவீதமும், கடைசி மூன்று நாளுக்கு 65 முதல் 75 சதவீதமும் போதும். அளவி இல்லாதவர்கள் ஒரு கண்ணாடி வெப்பமானியின் குமிழில் ஈரத் திரியைச் சுற்றித் தொங்கவிட்டால், அது முதற்பகுதியில் 30 டிகிரி அளவிலும் கடைசி நாள்களில் 32, 33 டிகிரி அளவிலும் நிற்க வேண்டும்.

எறும்பு

மின் இன்குபேட்டர் விற்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஓட்டில் முதல் விரிசல் விழுந்த உடனே மணத்தை அறிந்து எறும்பு வரிசை கட்டும். வெளிவர முடியாத குஞ்சை அது உயிரோடு கடிக்கும். பெட்டியின் நான்கு கால்களையும் நீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தி, நீரின் மேல் சில சொட்டு எண்ணெய் விட்டு, பெட்டி சுவரைத் தொடாதபடி நகர்த்தினால் போதும். பூச்சிமருந்துச் சுண்ணக்கட்டியால் கோடு இழுப்பதும் மருந்து தெளிப்பதும் குஞ்சுக்குக் கேடு.

நாள் தவறிப் பொரிக்கிறது

முதலில் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். முட்டை வைத்த நாளைச் சுழியம் என்று கொள்ள வேண்டும். திங்கள் மாலை வைத்தால் மூன்றாம் வாரத் திங்கள் மாலை 21 நாள் முடிகிறது. வாத்து முட்டைக்கு 28 நாள், காடைக்கு 17, 18 நாள் என்பதை மறந்து கோழிக் கணக்கில் ஏமாறுபவர்களும் உண்டு. கணக்குச் சரியாக இருந்து, 19ஆம் நாளிலேயே குஞ்சுகள் வெளிவந்தால் சராசரி வெப்பம் கூடுதல். 22, 23 என்று நீண்டால் குறைவு. எல்லாம் ஒரே நாளில் வராமல் மூன்று நாளுக்குப் பரவினால், தட்டின் நடுவும் ஓரமும் வேறு வேறு சூட்டில் இருந்திருக்கின்றன, அல்லது பழைய முட்டையும் புதிய முட்டையும் கலந்து வைக்கப்பட்டிருக்கின்றன.

ஓட்டைக் கொத்திய குஞ்சு வெளியே வராமல் நின்றுவிட்டது

முதல் துளைக்கும் முழுமையாக வெளிவருவதற்கும் இடையே 12 முதல் 24 மணி நேரம் ஆவது இயல்பு. இந்த நேரத்தில் குஞ்சு சும்மா இருப்பதில்லை. சவ்வின் நாளங்களிலுள்ள இரத்தத்தையும் எஞ்சிய மஞ்சள் கருவையும் உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. பொறுமையிழந்து ஓட்டை உரிப்பவர்கள் அந்த நாளங்களைக் கிழித்து இரத்தம் வடியச் செய்துவிடுகிறார்கள்.

உண்மையான பிழை, சவ்வு உலர்ந்து தோல் போலக் குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்வது. 18ஆம் நாளுக்குப் பிறகு மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதால் சேர்ந்த ஈரம் முழுவதும் ஒரு நொடியில் போய்விடுகிறது. வீட்டுப் பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுவார்கள் என்றால், பெட்டி செய்யும்போதே ஒரு பக்கத்தில் கண்ணாடிச் சில்லு பதித்துவிட வேண்டும். அந்த மூன்று நாளும் நீர் மாற்றுவதற்கு மூடியைத் திறக்கத் தேவையில்லாதபடி, தொட்டியின் குழாயும் புனலும் வெளியே இருக்க வேண்டும். 24 மணி நேரம் கடந்தும் அசைவு இருந்து முன்னேற்றம் இல்லையென்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி, அலகைச் சுற்றி ஓட்டின் ஒரு சிறு துணுக்கை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் பெட்டிக்குள் வைக்கலாம். இரத்தம் கசிந்தால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

கூரிய முனையில் துளை விழுந்திருந்தால், முட்டை தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது கரு திரும்பிக் கிடக்கிறது. அத்தகைய குஞ்சுக்குக் காற்றறை எட்டுவதில்லை, சிலவே பிழைக்கின்றன.

முழுக்க வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே இறந்திருக்கிறது

23ஆம் நாள் முடிந்ததும் மீதி முட்டைகளை உடைத்துப் பார்ப்பது அருவருப்பான வேலைதான். ஆனால் அடுத்த ஈட்டுக்கான பாடம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஒட்டும் திரவம் மிகுந்து குஞ்சு வீங்கியிருந்தால் மூன்று வாரமும் ஈரம் மிகுதி. உலர்ந்து சிறுத்திருந்தால் ஈரம் குறைவு. நன்கு வளர்ந்த குஞ்சு ஓட்டைக் கொத்தாமலே இறந்திருந்தால் காற்றோட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். கடைசி நாள்களில் கரு நிறைய உயிர்வளி கேட்கும், அப்போது சூட்டைக் காப்பதற்காகத் துளைகளை அடைப்பது கழுத்தை நெரிப்பதற்குச் சமம்.

சவ்வோடு ஒரு பக்கமாக ஒட்டிய கரு, முட்டையைத் திருப்பிவிடாததைக் காட்டும். பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் இட்டு, 18ஆம் நாள் வரை நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்ப வேண்டும். ஒற்றைப்படை எண்ணுக்குக் காரணம், நீண்ட இரவுப் பொழுதில் முட்டை ஒரே பக்கமாக அன்றாடம் கிடக்காமல் மாறி மாறிக் கிடக்கும் என்பதே. மையெழுதும் பேனா வேண்டாம். ஓடு நுண்துளைகள் கொண்டது.

கால் விரிந்த குஞ்சு, ஆறாத தொப்புள், நாற்றம்

கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நிற்க முடியாத குஞ்சுக்கு, பெரும்பாலும் வழுக்கும் செய்தித்தாள்தான் காரணம். தட்டில் சாக்குத் துணியை விரித்தால் அடுத்த ஈட்டில் இது வராது. தொப்புள் மூடாமல் ஈரமாக இருந்தால் வெப்பம் மிகுந்திருக்கிறது, அல்லது பெட்டியில் கிருமி இருக்கிறது. எச்சம் படிந்த முட்டைகளை அடைக்கு வைப்பதைத் தவிர்க்க வேண்டும்; அவற்றைக் குளிர்ந்த நீரில் கழுவுவது இன்னும் மோசம், ஏனெனில் முட்டை சுருங்கும்போது அழுக்கு நீர் நுண்துளை வழியே உள்ளே இழுக்கப்படும். இடையில் ஏதாவதொரு முட்டை நாறினாலோ ஓட்டில் திரவம் கசிந்தாலோ, அதை அசைக்காமல் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். வெடித்துவிட்டால் மற்ற முட்டைகளும் கெடும்.

உமியிலிருந்து பூஞ்சை மணம் வருவதை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈரமான உமியில் வளரும் பூஞ்சையின் துகள்கள் குஞ்சின் நுரையீரலைத் தாக்கி, முதல் வாரத்திலேயே மூச்சுத் திணறலை உண்டாக்கும். வெப்பக் காப்பும் ஈரத்தோடு போய்விடும். நீர்த் தொட்டியின் பற்றுவைத்த இடத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து அடைத்து, உமி முழுவதையும் வெளியே எடுத்து இரண்டு நாள் கடும் வெயிலில் உலர்த்தியோ புதிதாக மாற்றியோ, உள்பலகையைச் சோப்பு நீரால் துடைத்து வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த முட்டைகளை வைக்க வேண்டும். மழைக்காலத்தில் வெயில் கிடைக்கவில்லை என்றால் ஈட்டைத் தள்ளிப்போடுவதே சரி.